ஜெனோவாவில் ஒரு சலாம்

வாப்பாவின் தம்பியான என் சாச்சா கப்பலில் பண்டாரியாக இருந்தார். ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு சீமைக்குப் போகும் சரக்குக் கப்பல் அது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமைக்கத் தனி ஆள் உண்டு. கரி அள்ளுகிறவர்கள், தளம் கழுவுகிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள் என்று நம் பக்கத்து ஆட்கள் நாற்பது பேருக்குச் சோறும் மீன்குழம்பும் ஆக்கிப் போடுவது பண்டாரியின் வேலை. வருஷத்தில் ஏழெட்டு மாதம் சாச்சாவைக் கடல் வைத்துக்கொள்ளும். மிச்ச மாதங்கள் எங்களுக்கு.

ரங்கூனில் போட்டாதாங் பகுதியில் படகுத்துறைக்கு எதிரே வாப்பாவுக்குக் கடை இருந்தது. கயிறு, தார்ப்பாய், அரிக்கன் விளக்கு, கப்பல்காரர்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். மாடியில் நாங்களும் சாச்சியும் குடியிருந்தோம். சாச்சி பர்மாக்காரி. எங்கள் மார்க்கத்துக்கு வந்து சாச்சாவைக் கட்டிக்கொண்டவள். உம்மாவிடம்தான் தமிழ் கற்றுக்கொண்டாள் என்றாலும் உம்மா பேசுகிற மாதிரி பேசமாட்டாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டுக்கும் அவளிடம் ஒரே வினைச்சொல்தான். வாப்பா வந்தாலும் ‘வந்திச்சு’, பூனை வந்தாலும் ‘வந்திச்சு’. சாச்சாவை ‘அக்கோ’ என்பாள். என்னை ‘தமீ’ என்பாள். பர்மிய மொழியில் அதற்கு மகள் என்று பொருள். காலையில் என் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, தலை பின்னி, ஓதும் பள்ளிக்கு அனுப்புகிறவள் அவள்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அதற்குத்தான் நான் இருந்தேனே.

எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் சாச்சாவின் கப்பல் வரவேண்டிய மாதத்தில் வரவில்லை. இரண்டு வாரம் தாமதமாக வந்தது. இத்தாலி தேசத்தில் ஜெனோவா என்ற துறைமுகத்தில் இயந்திரம் பழுதாகிப் பன்னிரண்டு நாள் நின்றுவிட்டதாம். வழக்கமாகக் கொண்டுவரும் சவுக்காரக் கட்டியும் ஊசிப் பெட்டியும் இந்தத் தடவை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கோயிலைக் கொண்டுவந்திருந்தார்.

வந்த மறுநாள் மத்தியானம் சமையற்கட்டுப் பலகைத் தரையில், ஜெனோவாவில் பார்த்த அந்த மாதாகோயிலை எங்களுக்குக் கட்டிக் காட்டினார். கரித்துண்டால் நீளமாக ஒரு கட்டம் போட்டார். வாசலில் இரண்டு கத்திரிக்காயை வைத்தார்.

“இது ரெண்டும் சிங்கம். கல்லுச் சிங்கம். அதுல ஒண்ணு மூஞ்சியைப் பாத்தா யாரோ திட்டி உக்கார வச்ச மாதிரி இருக்கும்.”

சுவர் முழுக்கக் கறுப்புப் பளிங்கு ஒரு வரி, வெள்ளைப் பளிங்கு ஒரு வரி என்று அடுக்கிக் கட்டியிருந்ததாம். அவ்வளவு பெரிய கோயிலுக்கும் ஒரு கோடு போட்ட கைலியைச் சுற்றிவிட்டது போல் இருந்தது என்றார். வாசலுக்கு மேலே கல்லில் ஒரு மனிதரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். இரும்புக் கம்பிமேல் அவரைப் படுக்கவைத்துக் கீழே நெருப்பு மூட்டி, துருத்தியால் ஊதிக்கொண்டிருந்தார்கள். மார்க்கத்துக்காக உயிரை விட்ட பெரியவராம்.

“தினம் அடுப்பு முன்னாடி நிக்கிற நானே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்,” என்றார் சாச்சா. “கம்பியில மீன் வாட்டும்போதெல்லாம் இனிமே அந்த ஆளு ஞாபகம்தான் வரும்.”

வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். பள்ளிவாசலில் பழகிய கால். வெயிலில் கிடந்த படிக்கல் காலைச் சுட, ஒரு கையில் வெங்காயப் பை, மறு கையில் செருப்பு என்று குதித்துக்கொண்டே ஏறினாராம். பூ விற்றுக்கொண்டிருந்த கிழவி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளாம். அந்தக் குதிப்பை அவர் எங்களுக்கு எழுந்து நின்று செய்து காட்டினார். நான் மறுபடி மறுபடி செய்யச் சொன்னேன். மூன்று தடவை குதித்தார்.

உள்ளே இருட்டு, குளிர்ச்சி. இரண்டு வரிசையாக வெங்காயத்தை நட்டு, தூண்கள் என்றார். சுவரெல்லாம் மனிதர் படங்கள், மேலே தங்கப் பூச்சு.

“உருவப் படமாச்சே, நம்ம மார்க்கத்துக்கு ஆகாதே. அதனால ஒரு கண்ணாலதான் பாத்தேன்.”

“எந்தக் கண்ணு?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

கோயிலின் இடது பக்கத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்தார். அது ஒரு சின்ன மண்டபம். உள்ளே பளிங்கு வேலைப்பாட்டுக்கு நடுவில் ஒரு பேழை. அதில்தான் யஹ்யா நபியின் சாம்பல் இருக்கிறது என்பது அந்த ஊரார் நம்பிக்கை. தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கிறிஸ்தவர்கள் அவருக்கு வேறு பெயர் சொல்கிறார்கள். கப்பலில் இருந்த கோவாக்கார பட்லர்தான் இந்தச் செய்தியைச் சாச்சாவிடம் சொன்னவன். கோயிலில் சாவிக்கொத்தோடு ஒரு கிழவர் இருந்தார். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது. கிழவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது போலவும், பிறகு கழுத்தில் கத்தி வைப்பது போலவும் நடித்துக் காட்டி, “ஜொவான்னி” என்றார். சாச்சா, “யஹ்யா?” என்றார். “ஜொவான்னி, ஜொவான்னி” என்று கிழவர் தலையாட்ட, “யஹ்யா, யஹ்யா” என்று இவரும் ஆட்ட, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்களாம்.

கிழவர் இன்னொரு அறையையும் திறந்து காட்டினார். அங்கே ஒரு பச்சைக் கிண்ணம். ரொம்ப காலம் மரகதம் என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம். ஒரு ராஜா அதைத் தூக்கிக்கொண்டு போக, திரும்பி வரும்போது உடைந்து வந்ததாம். உடைந்த பிறகுதான் கண்ணாடி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்களாம். பக்கத்தில் ஒரு கல் தட்டு. நபியின் வெட்டிய தலையை ராஜாவின் சபைக்கு அதில்தான் ஏந்தி வந்தார்களாம்.

“அந்தச் சின்ன மண்டபத்துக்குள்ள பொம்பளைங்க போகக்கூடாது,” என்று சிரட்டையைச் சுற்றி ஒரு கோடு போட்டார் சாச்சா. “ராஜா பொண்டாட்டி மகளைத் தூண்டிவிட்டு அவங்க தலையைக் கேட்டுட்டாளாம். அதனால பொம்பளைக்கு அனுமதி இல்லை.”

அதுவரை மீன் கழுவிக்கொண்டிருந்த சாச்சி திரும்பினாள். “கேட்டது பொம்பளை. வெட்டினது யாரு?”

“ஆம்பளைதான். ராஜாவோட ஆளு.”

“ஆம்பளை உள்ளே போகலாமா?”

“போகலாம்.”

சாச்சி வந்து, ஈரக்கால் பெருவிரலை நீட்டிக் கோட்டைத் தாண்டி சிரட்டையைத் தொட்டுவிட்டுப் போனாள். சாச்சாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அப்புறம் சிரட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பூண்டை நிறுத்தினார். மண்டபத்துச் சுவரில் நிற்கும் சிலைகளில் இரண்டு அவை என்றார். ஒரு கிழவரும் கிழவியும். நபியைப் பெற்றவர்கள். கிழவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அல்லாவிடம் துஆ கேட்கிற மாதிரியே நிற்கிறாராம். சிலையைப் பற்றிப் பேசும்போது சாச்சாவின் குரல் தணிந்தது, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

சாச்சி திரும்பாமலே கேட்டாள். “அந்தம்மாவுக்கு வயசு என்ன இருக்கும்?”

“உன்னைவிட ரொம்ப மூத்தவ. தலைக்கு முக்காடு போட்டு, கன்னமெல்லாம் ஒட்டி. ரொம்ப மூத்தவ.”

சாச்சி கழுவிய மீனையே மறுபடி கழுவினாள். கோயிலைக் கலைத்து வெங்காயத்தைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஊரிலிருந்து பெரிய வாப்பா வந்து இறங்கினார். வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் மூத்தவர். எனக்குப் பனங்கற்கண்டும் எல்லாருக்கும் கருவாடும் கொண்டுவந்தார். அன்று ராச்சோற்றுக்கு முன் முன்னறையில் அவர் சொன்னது சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

“ஊர்ல பொண்ணு பாத்தாச்சு. நல்ல குடும்பம். கப்பல் வேலையும் போதும், இந்த ஊரும் போதும். என் கூடவே கிளம்பி வந்துடு. இவளையும் விட்டுடச் சொல்லலை. மாசாமாசம் செலவுக்கு அனுப்பு. ஆனா நம்ம வாப்பா பேரு சொல்ல உனக்கு ஒரு பிள்ளை வேணுமா வேண்டாமா?”

“யோசிச்சுச் சொல்றேன் காக்கா,” என்றார் சாச்சா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

கல்யாணம் என்ற ஒரு சொல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிரியாணி கிடைக்கும், புதுத் துணி கிடைக்கும், ஒருவேளை கப்பலிலும் ஏற்றுவார்கள். யாருக்குக் கல்யாணம் என்று சாச்சியிடம் கேட்டேன். “தெரியாது தமீ,” என்றாள். எனக்காவது ஒரு சந்தேகம்தான். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று பரிதாபமாக இருந்தது.

நான் ஓதப் போன இடம் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. ஓதிக்கொடுக்கும் லெப்பை ஒல்லியான மனிதர். கையில் பிரம்பு இருந்தாலும் அதைக் காது குடைவதற்கு மட்டுமே பயன்படுத்துவார். ஒருநாள் ஓதி முடித்ததும் நபிமார்கள் கதை சொன்னார். ஜகரிய்யா நபி எலும்பு தளர்ந்து தலை நரைத்த வயதில், பிள்ளையில்லாத தம் மனைவிக்காகவும் தமக்காகவும் இறைவனிடம் பிள்ளை கேட்டதையும், அந்தக் கிழப்பருவத்தில் அவர்களுக்கு யஹ்யா மகனாகப் பிறந்ததையும் அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டும். பெரியவளான பிறகு அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் யஹ்யா என்ற பெயர் காதில் விழுந்ததும் துள்ளி எழுந்தேன்.

“எங்க சாச்சா அவங்களைப் பாத்துட்டு வந்திருக்காக!”

லெப்பை பிரம்பைக் காதிலிருந்து எடுத்தார். “யாரை?”

“யஹ்யா நபியை. இத்தாலியில. மாதாகோயிலுக்குள்ள. சாம்பலா இருக்காக.”

பையன்கள் சிரித்தார்கள். லெப்பை சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக் கேட்டார். கோயிலில் இருந்தது அத்தனையும் சொன்னேன். சிங்கம், கைலி, பச்சைக் கிண்ணம் என்று ஒன்றையும் விடவில்லை. இடது கண்ணைப் பற்றியும் சொன்னேன். படியில் குதித்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். இவ்வளவு கவனமாக அவர் என்னிடம் எதையும் அதுவரை கேட்டதில்லை.

செய்தி அன்று மாலைக்குள் பெரிய வாப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் வாப்பாவைப் பார்த்துச் சொன்னார். “பாத்தியா? பர்மாவுல பொண்ணு எடுத்தான், சரின்னு இருந்தோம். இப்ப மாதாகோயிலுக்குப் போறான். இன்னும் இவனை இங்க விட்டுவச்சா என்ன ஆவான்? லெப்பையையே கூப்பிடு. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஊருக்குப் போன்னு சொன்னா போய்த்தான் ஆகணும்.”

பக்கத்தில் நின்ற சாச்சா சரி என்று தலையசைத்தார். லெப்பை சொல்வதைத் தட்ட எங்கள் வீட்டில் யாராலும் முடியாது.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு லெப்பை வந்தார். முன்னறையில் பாய் விரித்தார்கள். உம்மாவும் சாச்சியும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். சேதி சொன்னவள் என்ற முறையில் என்னை வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பாவாடையை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

லெப்பை சுற்றிவளைக்கவில்லை. “கோயிலுக்குள்ள எதுக்குப் போனே?”

“மழைங்க லெப்பை,” என்றார் சாச்சா. “வெங்காயம் வாங்கப் போனேன். திடீர்னு பிடிச்சுக்கிச்சு. ஒதுங்கினேன்.”

வாப்பா மூச்சு விட்டார். மழைக்கு ஒதுங்கியவனை யார் என்ன சொல்ல முடியும்? விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தாங்கவில்லை. சாச்சா கதையைத் தப்பாகச் சொல்கிறாரே, அருமையான இடத்தை விட்டுவிட்டாரே!

“இல்லை சாச்சா, வெயில்!” என்றேன். “படிக்கல்லு கால்ல சுட்டுச்சே! செருப்பைக் கையில வச்சுக்கிட்டுக் குதிச்சீங்களே!”

எழுந்து நின்று குதித்தும் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் இரண்டாவது குதிப்பு பாதியில் நின்றது. சாச்சா என்னைப் பார்த்தார். கோபமில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோனவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு லெப்பையின் பக்கம் திரும்பினார்.

“ஆமா. வெயில்தான். நானாத்தான் வழி கேட்டுத் தேடிக்கிட்டுப் போனேன்.”

“கேட்டீங்களா!” என்றார் பெரிய வாப்பா.

லெப்பை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “நபிமார் உடம்பை மண்ணு தின்னாதுன்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் சாம்பல் ஏது? அவங்க தலை அரபுப் பக்கம் ஷாம் தேசத்துப் பள்ளிவாசல்ல அடங்கியிருக்குன்னு போய் வந்தவங்க சொல்றாங்க.”

“அந்த விவரமெல்லாம் எனக்கு எங்கே தெரியும் லெப்பை? நான் சோறாக்குறவன். அவங்க பேரைச் சொன்னாங்க. அந்தப் பேரு போதும்னு போனேன். வாசல்ல நின்னு சலாம் சொன்னேன்.”

“சலாம் மட்டும்தானா? அவங்ககிட்ட ஏதாவது கேட்டியா?”

சாச்சா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் யாரோ கயிற்று விலை கேட்கும் சத்தம் வந்தது. கடைப் பையன் பதில் சொல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பான்.

“அவங்ககிட்ட கேக்கலை,” என்றார். “அல்லாகிட்டத்தான் கேட்டேன். அவங்க வாப்பா கேட்டதைத்தான் கேட்டேன்.”

திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வாப்பா தரையைப் பார்த்தார். பெரிய வாப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். லெப்பை கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச வந்ததை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்படி நடுவில் நின்றுபோகும் விசாரணையை நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் லெப்பை பேசினார். “துஆ எங்க நின்னு கேட்டாலும் போய்ச் சேரும். அடுத்த தடவை கப்பல்லயே நின்னு கேளு. வெயில்ல குதிக்க வேண்டியதில்லை.” பிறகு பெரிய வாப்பாவிடம் திரும்பினார். “உங்க தம்பி ஒண்ணு கேட்டுட்டு வந்திருக்காரு. பதில் வர்ற வரைக்கும் நாம நடுவுல போக வேண்டாம்.”

“பதில் எப்ப வரும் லெப்பை?” பெரிய வாப்பாவின் குரலில் பழைய வேகம் இல்லை.

“அது கேட்டவருக்கும் குடுக்கிறவனுக்கும் இடையில உள்ளது. தேத்தண்ணி இருக்கா?”

தேத்தண்ணீரை உம்மாதான் கொண்டுவந்து வைத்தாள்.

பெரிய வாப்பா அடுத்த கப்பலில் தனியாக ஊருக்குத் திரும்பினார். நல்ல மனிதர்தான், போகும்போது சாச்சியின் தலையில் கைவைத்து துஆச் செய்துவிட்டுப் போனார். வருஷாவருஷம் அவரிடமிருந்து கடிதம் வரும். கடைசி வரியில், ‘பதில் வந்ததா?’ என்று கேட்டிருப்பார். ‘இன்னும் வரவில்லை’ என்று வாப்பா எழுதுவார். சாச்சாவுக்கும் சாச்சிக்கும் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. சாச்சா வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கப்பலை விட்டுவிட்டு வாப்பாவோடு கடையில் உட்கார்ந்தார். சாச்சி அவருக்கு ரொம்ப நாள் துணையாக இருந்தாள். பண்டாரியாக இருந்தவர் என்றாலும் வீட்டில் அவரை அடுப்பைத் தொடவிடமாட்டாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று லெப்பை படியிறங்கிப் போனதும் நான் சமையற்கட்டுக்கு ஓடினேன். சாச்சா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சாச்சி அடுப்பைப் பார்த்துக் குந்தியிருந்தாள். அடுப்பில் நெருப்பு இல்லை.

“அவங்க வாப்பா என்ன கேட்டாக, சாச்சா?” என்று கேட்டேன்.

அவர் சாச்சியைப் பார்த்தார். “தலைவலி போகணும்னு கேட்டாங்க.”

“யாருக்கு?”

“அவங்க வீட்டுக்காரம்மாவுக்கு.”

“அப்ப நீங்க?”

“நான் உன் சாச்சிக்குக் கேட்டேன்.”

சாச்சி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. “பொய் சொல்லுது,” என்றாள் உள்ளிருந்தபடியே. “அக்கோ பொய் சொல்லுது.” அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தலைவலி பொல்லாதது என்று தெரியும். உம்மாவுக்கு வரும்போது நான்தான் தைலம் தேய்ப்பேன். அலமாரியில் இருந்த குப்பியை எடுத்துவந்து சாச்சியின் முகத்தை நிமிர்த்தினேன். கண்ணெல்லாம் சிவந்து, நிஜமாகவே நோயாளி மாதிரிதான் இருந்தாள். ஒரு வார்த்தை மறுக்காமல் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். நெற்றிப் பொட்டு இரண்டிலும் என் பலத்தையெல்லாம் திரட்டித் தேய்த்தேன். சாச்சா போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சா?” என்று கேட்டேன்.

“போயிடுச்சு தமீ.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு தூரம் கப்பலில் போய், வெயிலில் குதித்து, கோயிலுக்குள் நின்று கேட்டும் போகாத தலைவலி. நான் அரைக் குப்பி தைலத்தில் போக்கிவிட்டேன் என்று. உம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். நான் சொன்ன விதம் அவளுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கிறது என்று நினைத்து, அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.